ஒரே விமானிக்கு ஏற்ற ஜெட் எது?



கல்லூரியில் இயக்க ஆற்றல் பற்றிய பாடத்தைத் தொடங்கும்போது மாணவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். “உங்களிடம் வேண்டிய பணம் இருக்கிறது. சிறிய விமானம் ஓட்டவும் கற்றிருக்கிறீர்கள். இப்பொழுது ஒரு ஜெட் விமானம் வாங்கப் போகிறீர்கள். அதைத் துணை விமானி இல்லாமல் நீங்கள் ஒருவராகவே ஓட்ட வேண்டும். விற்பவரிடம் முதலில் என்ன கேட்பீர்கள்?”

பெரும்பாலும் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை வரும்: “எவ்வளவு வேகம் போகும்?”

அது தவறான முதல் கேள்வி என்பது என் கருத்து. ஏன் தவறு, சரியான கேள்வி எது என்பதை உங்கள் பாடநூலில் உள்ள இயற்பியலைக் கொண்டே காட்ட முயல்கிறேன். நம்மில் எவரும் நாளைக்கு ஜெட் விமானம் வாங்கப் போவதில்லைதான். ஆனால் ஒரு கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற கேள்வி நம் எல்லோருக்கும் உரியது. அத்துடன், அந்த விமானம் பறப்பது வாங்கியவரின் வீட்டுக்கு மேல் மட்டுமல்ல. மற்றவர்களின் வீடுகளுக்கு மேலும்தான்.

இருவர் வேலை ஒருவர் தலையில்

பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய விமானங்களில் இரண்டு விமானிகள் இருப்பார்கள். ஒருவர் விமானத்தை ஓட்டுவார். மற்றவர் வானொலியில் பேசுவார், கருவிகளைக் கவனிப்பார், முதல்வர் செய்யும் பிழையைச் சுட்டிக் காட்டுவார். நம் ஊர்ப் பேருந்தில் ஓட்டுநரும் நடத்துநரும் இருப்பதைப் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். நடத்துநர் விசில் கொடுக்காமல் வண்டி நகராது. ஆளில்லாத பேருந்தில் டிக்கெட் கொடுப்பது, படியில் தொங்குபவரை உள்ளே அழைப்பது, பாதையைப் பார்ப்பது என எல்லாவற்றையும் ஓட்டுநரே செய்ய வேண்டி வந்தால் என்ன ஆகும்? தனியாக ஜெட் ஓட்டும் விமானியின் நிலை அதுதான்.

1963-இல் முதன்முறையாகப் பறந்த லியர் ஜெட் 23 என்ற சிறிய விமானம் அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்றது. மிக விரைவாகப் பறக்கும். ஆனால் இரு விமானிகள் தேவை. 1969-ஆம் ஆண்டு செப்டம்பரில் செஸ்னா நிறுவனம் தன் முதல் சைட்டேஷன் விமானத்தைப் பறக்க விட்டது. அதன் இறக்கைகள் பின்னோக்கிச் சாயாமல் நேராக நீண்டிருந்தன. வேகமும் மற்ற ஜெட்களைவிடக் குறைவு. விமானத் துறையினர் அதைக் கேலி செய்தார்கள். “இந்த விமானத்தின் மீது பறவை மோதுவதானால் பின்புறமிருந்துதான் வந்து மோதும்” என்றார்கள்!

கேலி செய்யப்பட்ட அந்த விமானம்தான் வெற்றி பெற்றது. அதன் ஒரு வகை 1977-இல், ஒரே விமானி ஓட்டலாம் என்ற சான்றிதழையும் பெற்றது. பின்னர் 1992-இல் சான்று பெற்ற சைட்டேஷன் ஜெட், 2006-இல் சான்று பெற்ற சைட்டேஷன் முஸ்டாங், 2008-இல் பிரேசில் நாட்டின் எம்ப்ரேயர் நிறுவனத்திலிருந்து வந்த ஃபீனம் 100, 2015-இல் வந்த ஹோண்டா ஜெட், 2016-இல் வந்த ஒற்றை எஞ்சின் கொண்ட சிரஸ் விஷன் ஜெட் என்று தனி விமானிக்கான ஜெட்கள் ஒரு தனிக் குடும்பமாகவே வளர்ந்துவிட்டன.

மெதுவான விமானம் ஏன் வென்றது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வேகத்தின் விலை

விமானிக்குக் கடினமான நேரம் உயரத்தில் நேராகப் பறக்கும் நேரமன்று. தரையை நெருங்கி இறங்கும் சில நிமிடங்களே கடினமானவை. முஸ்டாங் விமானம் தரையிறங்கும்போது அனுமதிக்கப்படும் உச்ச எடை ஏறக்குறைய 3,600 கிலோகிராம். அந்த எடையுள்ள ஒரு விமானம் 90 நாட் வேகத்தில் தரையைத் தொடுவதாகக் கொள்வோம். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல், அதாவது 1.852 கி.மீ. ஆகவே 90 நாட் என்பது விநாடிக்கு 46.3 மீட்டர். இயக்க ஆற்றலுக்கான வாய்பாடு உங்களுக்குத் தெரியும்: நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 3.9 மெகா ஜூல்.

இப்பொழுது அதே எடையுள்ள வேறொரு விமானம் 120 நாட் வேகத்தில் இறங்குகிறது என்று கொள்வோம். இது விநாடிக்கு 61.7 மீட்டர். ஆற்றல் 6.9 மெகா ஜூல். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடிற்று. ஆனால் ஆற்றலோ முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிட்டது! அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக்குகளும் காற்றின் இழுவிசையும் ஓடுபாதை முடிவதற்குள் தின்று தீர்க்க வேண்டும். ஓடுபாதை ஈரமாக இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது நேரம். ஓடுபாதைக்கு 5 கடல்மைல் தொலைவில் விமானம் இறங்கு கோட்டில் வந்து சேர்கிறது. 90 நாட் வேகத்தில் வந்தால் விமானிக்கு 200 விநாடிகள் கிடைக்கும். 120 நாட் வேகத்தில் வந்தால் 150 விநாடிகளே கிடைக்கும். சக்கரங்களை இறக்குதல், இறக்கையின் பின்விளிம்புத் தகடுகளை நீட்டுதல், வானொலியில் பதில் சொல்லுதல், காற்றின் திசையைக் கவனித்தல் ஆகிய எல்லா வேலைகளும் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் இரண்டாமவருக்கு 50 விநாடிகள் குறைவு. பக்கத்து இருக்கையில் ஒருவர் இருந்தால் அந்த 50 விநாடிகளை அவர் ஈடு செய்வார். தனி விமானிக்கு அந்த வசதி இல்லை.

இறக்கையைப் பின்னோக்கிச் சாய்ப்பது ஒலியின் வேகத்தை நெருங்கிப் பறப்பதற்காகவே. அப்படிச் சாய்த்த இறக்கை குறைந்த வேகத்தில் போதிய தூக்குவிசை தருவதில்லை. எனவே இறங்கும்போதும் வேகமாகவே வர வேண்டியிருக்கிறது. முஸ்டாங் உயரத்தில் பறக்கும் 340 நாட் வேகம், அங்கே ஒலியின் வேகத்தில் 0.6 பங்குதான். அதற்கு நேரான இறக்கையே போதும். இறங்கும்போது அந்த நேரான இறக்கை விமானிக்கு நேரத்தைப் பரிசாகத் தருகிறது.

ஜெட்டின் குணங்கள்

“வேகம் குறைந்தால் போதுமா? அப்படியானால் உந்துசுழலி வைத்த சிறிய விமானத்தை ஓட்டத் தெரிந்தவர் ஜெட்டையும் உடனே ஓட்டிவிடலாமே?” என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. ஜெட்டுக்குச் சில தனிக் குணங்கள் உண்டு.

உந்துசுழலி விமானத்தில் எஞ்சினைத் தணித்தால், காற்றில் சுழலும் அந்தத் தட்டே பிரேக்கைப் போல வேலை செய்யும். ஜெட்டில் அந்தப் பிரேக் இல்லை. வழுவழுப்பான உடல் ஆதலால் தணித்த பின்னும் வழுக்கிக் கொண்டே போகும். எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதை விமானி பல கிலோமீட்டர் தூரத்திற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். அதைப் போலவே, தணிந்திருக்கும் ஜெட் எஞ்சினுக்கு முழு விசை கொடுத்தால் அது சுழன்று எழுந்து முழு உந்துவிசை தரச் சில விநாடிகள் ஆகும். “ஐயோ, தாழ்ந்து விட்டோமே” என்று கடைசி நேரத்தில் நெம்புகோலைத் தள்ளிப் பயன் இல்லை.

மூன்றாவது குணம் உயரம். அடர்த்தி குறைந்த காற்றில் இழுவிசை குறைவு என்பதால் ஜெட்கள் உயரத்தை விரும்புகின்றன. முஸ்டாங் 41,000 அடி, அதாவது 12.5 கி.மீ. வரை ஏறும். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் கால் பங்கைவிடச் சற்றுக் குறைவு. விமான அறையில் அடைத்து வைத்த காற்று அங்கே திடீரென்று வெளியேறினால், மனிதன் பயனுள்ள முறையில் சிந்தித்துச் செயல்படக் கிடைக்கும் நேரம் 15 விநாடி அளவே. அதன் பின் கண் திறந்திருக்கும். அறிவு வேலை செய்யாது. ஆகவே அமெரிக்க விதிப்படி, 35,000 அடிக்கு மேல் தனியாக ஓட்டும் விமானி ஆக்சிஜன் முகமூடியை அணிந்தே பறக்க வேண்டும். விற்பனைத் தாளில் “உச்ச உயரம் 41,000 அடி” என்று பெரிய எழுத்தில் இருக்கும். முகமூடியை முகத்தில் கட்டிக் கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைப் பற்றி அதில் இராது.

ஒரு டிசம்பர் காலை

இனி நான் சொல்லப் போவது வருந்தத் தக்க செய்தி. ஆனால் அதைச் சொல்லாமல் என் கருத்தை விளக்க முடியாது.

2014-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் காலை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கெய்தர்ஸ்பர்க் என்னும் ஊர். ஃபீனம் 100 விமானம் ஒன்று அவ்வூர் விமான நிலையத்தை நோக்கி இறங்கிக் கொண்டிருந்தது. ஓட்டியவர் ஒருவரே, உடன் இரு பயணிகள். மேகங்களில் உறைபனி படியும் நிலை இருந்தது. இறக்கையின் முன் விளிம்பில் படியும் பனியை உடைத்துத் தள்ளுவதற்கு, காற்றால் உப்பும் ரப்பர் உறைகள் அந்த விமானத்தில் உண்டு. அவற்றை இயக்க விமானி பொத்தானை அழுத்த வேண்டும். அவர் அழுத்தவில்லை.

பனி படிந்த இறக்கையின் மேற்பரப்பு சொரசொரப்பாகி விடும். காற்று அதன் மேல் வழுவாமல் ஓடாது. வழக்கமான கோணத்தை அடைவதற்கு முன்பே பிரிந்து போகும். தூக்குவிசை சட்டென்று சரியும். இதை ‘ஸ்டால்’ என்பார்கள். அந்த விமானம் ஓடுபாதையை அடைவதற்கு ஒரு கி.மீ.க்குச் சற்று அதிகத் தொலைவில் தூக்குவிசை இழந்து வீடுகளின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த மூவரும் இறந்தனர். ஒரு வீட்டுக்குள் இருந்த தாயும் அவருடைய இரண்டு சிறு பிள்ளைகளும் இறந்தனர்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை ஆராய்ந்து, பனி நீக்கும் அமைப்பை இயக்காமல் இறங்கியதே காரணம் என்று கூறியது. அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் ரப்பர் உறைகள் இயங்கியிருப்பதோடு, ஆபத்தை அறிவிக்கும் கருவியும் பனிக்கு ஏற்பத் தன் எல்லையை மாற்றிக் கொண்டு முன்னதாகவே எச்சரித்திருக்கும். ஒரு பொத்தானை அழுத்தாததால் இரண்டு பாதுகாப்புகள் ஒரே நேரத்தில் போயின. இத்தகைய விமானங்களில் பனி நீக்கியை இயக்க வேண்டிய நேரத்தைத் தாமாகவே விமானிக்கு உணர்த்தும் அமைப்பு வேண்டும் என்றும் அந்த வாரியம் பரிந்துரைத்தது.

நண்பர்களே, ஃபீனம் 100 கெட்ட விமானம் அன்று. ஓட்டுவதற்கு எளிதானது என்று பெயர் பெற்றதுதான். ஆனால் “எளிது” என்ற சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருளில்தான் பிழை இருக்கிறது. வழக்கமான நாளில் கைக்கு இலகுவாக இருப்பதை எளிது என்கிறோம். நான் கேட்பது வேறு. விமானி களைத்திருக்கும் நாளில், ஒன்றை மறந்துவிட்ட நாளில், அந்த விமானம் அவரை எவ்வளவு தூரம் மன்னிக்கும்? அதுவே சரியான முதல் கேள்வி.

எஞ்சின் ஒன்றா, இரண்டா?

இந்தக் கேள்வியோடு பார்த்தால் பழைய வாதம் ஒன்று புதிய கோணத்தில் தெரியும். “இரண்டு எஞ்சின் இருந்தால் ஒன்று நின்றாலும் மற்றொன்று காப்பாற்றும்” என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒன்று நின்றவுடன் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள். முஸ்டாங்கின் ஒவ்வொரு எஞ்சினும் சுமார் 6,500 நியூட்டன் உந்துவிசை தரும். அது மையக் கோட்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொண்டால், திருப்புத்திறன் 6,500 நியூட்டன் மீட்டர். 50 கிலோகிராம் எடையுள்ள மாணவன் 13 மீட்டர் நீளமுள்ள பலகையின் நுனியில் உட்கார்ந்து அழுத்துவதற்கு இது சமம். அந்தத் திருப்பத்தை விமானி உடனே காலால் சுக்கானை மிதித்துச் சமன் செய்ய வேண்டும். பயிற்சி பெற்றவருக்கு இது கடினம் அன்று. பயிற்சி மங்கிப் போனவருக்கு, அதுவும் விமானம் மேலெழும் நேரத்தில், இது பெரிய சோதனை.

சிரஸ் விஷன் ஜெட்டில் எஞ்சின் ஒன்றே. உடலின் முதுகில் நடுவே அமைந்திருக்கிறது. அது நின்றால் விமானம் பக்கவாட்டில் திரும்பாது. ஆனால் உந்துவிசை அறவே இருக்காது. அதற்கு ஈடாக விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் பாராசூட் ஒன்றை வைத்திருக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டு முதல் மற்றொரு அமைப்பும் சேர்ந்தது. விமானி மயங்கி விட்டால் பயணி ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கணிப்பொறி பக்கத்து விமான நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, வானொலியில் அறிவித்து, தானே இறங்கி, நின்று, எஞ்சினையும் அணைத்து விடும். இந்த விமானத்தின் வேகம் சுமார் 300 நாட். உச்ச உயரம் 31,000 அடி. விற்பனைத் தாளில் போட்டியிட்டால் முஸ்டாங்கிடம் தோற்கும்.

இருந்தாலும், முதன்முறையாக ஜெட்டுக்கு மாறும் தனி விமானிக்கு இதையே நான் பரிந்துரைப்பேன். காரணம் எளிது. இக்காலத்து ஜெட் எஞ்சின் நின்று போவது அரிது. மனிதன் மறப்பதும் தடுமாறுவதும் அரிதல்ல. அடிக்கடி பழுதாகும் பாகம் எதுவோ அதற்குத்தான் முதலில் மாற்றுப் பாகம் வைத்திருக்க வேண்டும். தனி விமானி ஓட்டும் விமானத்தில் அந்தப் பாகம் விமானியே.

மறுப்புகள்

இதற்கு மறுப்புகள் உண்டு. “தானியங்கிக் கருவிகளை நம்பினால் விமானியின் திறமை மழுங்காதா?” என்பது ஒன்று. நியாயமான அச்சம். கருவிகளும் தவறும். 2019 ஏப்ரலில் விஷன் ஜெட் விமானங்கள் எல்லாவற்றையும் பறக்கக் கூடாது என்று அமெரிக்க விமானத் துறை சிறிது காலம் நிறுத்தி வைத்தது. இறக்கைக்கும் காற்றுக்கும் உள்ள கோணத்தை அளக்கும் உணர்கருவி தவறான அளவைக் காட்டியதால், ஆபத்து இல்லாதபோதே பாதுகாப்பு அமைப்பு விழித்துக் கொண்டு விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளக்கூடிய நிலை இருந்தது. உணர்கருவிகளை மாற்றிய பிறகே அவை மீண்டும் பறந்தன. ஆகவே கருவியை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. ஆனால் கருவி சில நேரம் தவறும் என்பதற்காகக் கருவியே வேண்டாம் என்பது, மூக்குக் கண்ணாடி ஒரு முறை உடைந்ததால் கண்ணாடியே அணிய மாட்டேன் என்பதைப் போன்றது.

“வேகமான விமானம் விரைவில் போய்ச் சேர்ந்துவிடும், களைப்புக் குறையும் அல்லவா?” என்பது மற்றொன்று. 500 கடல்மைல் பயணத்தை எடுத்துக் கொள்வோம். 340 நாட் வேகத்தில் 88 நிமிடம். 300 நாட் வேகத்தில் 100 நிமிடம். வேறுபாடு 12 நிமிடமே. ஏறி இறங்கும் நேரத்தைச் சேர்த்தாலும் இந்தக் கணக்கு அதிகம் மாறாது. அந்த 12 நிமிடத்துக்காக எதை விட்டுக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

பட்டியல் தந்த பாடம்

1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் அமெரிக்காவின் ரைட் விமானத் தளத்தில் போயிங் நிறுவனத்தின் மாடல் 299 என்ற புதிய குண்டு வீச்சு விமானம் மேலெழுந்தவுடன் விழுந்தது. விமானம் தரையில் நிற்கும்போது காற்றில் அசையாதபடி சுக்கான்களைப் பூட்டி வைப்பது உண்டு. அந்தப் பூட்டை விடுவிக்க மறந்து விட்டார்கள். ஓட்டியவர்கள் கற்றுக் குட்டிகள் அல்லர், தேர்ந்த விமானிகள். இந்த விமானம் மனிதனின் நினைவாற்றலுக்கு மீறியது என்று அப்போது பேசப்பட்டது. அதற்குக் கண்ட தீர்வு ஒரு காகிதம்! மேலெழும் முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதிய சரிபார்ப்புப் பட்டியல். அந்த விமானமே பின்னர் பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

இதில் எனக்குப் பிடித்தது, அந்த விமானிகள் “எனக்கு மறதி வராது” என்று வாதாடாததுதான். மறக்கும் என்பதை ஒப்புக் கொண்டார்கள். அதற்கு ஏற்பாடு செய்தார்கள். நான் மேலே சொன்ன குறைந்த வேகமும், நேரான இறக்கையும், பாராசூட்டும், பொத்தானும் எல்லாம் அந்தக் காகிதத்தின் பிள்ளைகளே.

எனவே தனியாக ஜெட் ஓட்ட விரும்புபவர் விற்பவரிடம் கேட்க வேண்டியவை என்று நான் கருதுவன இவை. மிகக் குறைந்த எந்த வேகத்தில் பாதுகாப்பாக இறங்கும்? பனி, காற்றழுத்தம், எஞ்சின் இவற்றில் நான் ஒன்றை மறந்தால் அது எனக்கு எப்படிச் சொல்லும்? நான் மயங்கினால் பின்னால் இருப்பவர்களின் கதி என்ன? பிறகு தன்னைத் தானே ஒன்று கேட்க வேண்டும்: ஆண்டுதோறும் பயிற்சிக்கும் சோதனைக்கும் உண்மையாகவே நேரம் ஒதுக்குவேனா? இந்தக் கடைசிக் கேள்விக்கு “இல்லை” என்பது விடையானால், அவருக்கு ஏற்ற எளிய ஜெட் உலகில் எதுவும் இல்லை. அவர் ஒரு துணை விமானியை அமர்த்திக் கொள்வதே அறம்.

அடுத்த முறை சைக்கிளோ, மோட்டார் சைக்கிளோ, ஆய்வுக்கூடக் கருவியோ வாங்க நேரும்போது, “இது எவ்வளவு வேகம் போகும்?” என்று கேட்கும் முன், “நான் தவறு செய்யும் நாளில் இது என்னை என்ன செய்யும், மற்றவர்களை என்ன செய்யும்?” என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். இயற்பியல் நமக்குத் தந்திருக்கும் வாய்பாடுகள் தேர்வுத் தாளுக்காக மட்டும் அல்ல. இந்தக் கேள்விக்கு விடை காணவும்தான்.